படகு வலை

சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி
போன மாதம் தானே எழுதிக் கொடுத்த மனுவில்
“புயலில் போனது படகு வலை”.

படகின் வலை என்று படித்தார்கள்.
வலைக்கு மட்டும் பணம் வந்தது.

மஞ்சக்குப்பத்தில்
ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே என் டைப்பிங் கடை.
பக்கம் முப்பது ரூபாய்.

இரண்டு சொல்லுக்கும் நடுவே
காற்புள்ளி ஒன்று தட்டினேன்.
திரையில் விரல் வைத்துத் தேடினாள்.
“இதுவா?
இறால் குஞ்சு மாதிரி இருக்கு.”

“இது இல்லாமத்தான் அக்கா
உங்க படகு வலைக்குள்ள மாட்டிக்கிச்சு.”

சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

மை தீரும் நேரம்;
அச்சில் அது மங்கலாக விழுந்திருந்தது.
என் பேனாவை வாங்கி
அதன் மேலேயே
தாள் கிழியாத அளவுக்கு அழுத்தி
இன்னொன்று இட்டாள்.

அதற்குப் பிறகுதான்
கையெழுத்து.