மனுவில் ஒரு சொல்

திங்கட்கிழமை, மஞ்சக்குப்பம்.
ஆட்சியர் அலுவலக வாசலில்
வேப்பமர நிழல் போதாமல்
குடையும் விரித்திருக்கிறார் குப்புலிங்கம்.
மனு எழுத எண்பது ரூபாய்,
நாலு கிலோ இறால் உரிக்கும் காசு.

"என்னம்மா, உதவித்தொகையா?"
இல்லை.
"மூணு சக்கர வண்டியா?"
அதுவும் இல்லை.
வண்டி இருக்கிறது.
மாடிப்படியின் அடிவரை வருகிறது.

பத்தாம் வகுப்பு மாடியில்.
இருபத்திரண்டு படி.
ஜூன் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
ஜீவிதா நாற்பத்தோரு கிலோ.
ஐஸ் பெட்டி அதைவிட எடை,
முதுநகர் துறைமுகத்தில் தினமும் தூக்குகிறேன்.
ஆனால் ஐஸ் பெட்டிக்கு வெட்கம் கிடையாது.
அதைச் சுற்றி முப்பது பிள்ளைகள்
சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நிற்பதில்லை.

ஆடியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
அன்றிலிருந்து படியடியில் இருந்தபடி
மேலிருந்து விழும் பாடத்தைப் பொறுக்குகிறாள்.
வரலாறு வருகிறது, தமிழ் வருகிறது.
"முக்கோணத்துக்குச் சத்தம் இல்லைம்மா"
என்றாள் ஒரு நாள்.

ஃபிலோமினா டீச்சர் கெட்டவர் இல்லை.
போன தீபாவளிக்கு இவளுக்குத் துணி எடுத்துத் தந்தவர்.
"வீட்டுக்கே ஆள் வந்து சொல்லித் தருவாங்க,
அவளுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்,
இதில ஒரு கையெழுத்து" என்றார்.
போடவில்லை.

குப்புலிங்கம் எழுதியதைப் படித்துக் காட்டினார்:
"என் மகளின் பரிதாப நிலையை எண்ணி
ஐயா அவர்கள் கருணை கூர்ந்து..."

ஜீவிதா கையை அசைத்தாள்.
ஒரு சொல் அவள் தொண்டையில் புறப்பட்டு
உதட்டுக்கு வந்து சேர்வதற்குள்
டவுன் பஸ் கெடிலம் பாலத்தைக் கடந்துவிடும்.
பாதியிலேயே எல்லோரும்
"சரிம்மா, சரிம்மா" என்று
தாங்களே முடித்துவிடுவார்கள்.
நானும்தான், எத்தனையோ நாள்.
குப்புலிங்கம் பேனாவை மூடாமல் இருந்தார்.

"க... ருணை. அடிங்க."

"பாப்பா, அது மரியாதைக்குப் போடறது.
முப்பது வருஷமாப் போடறேன்."

இன்னொரு பஸ் கடக்கும் நேரம்.

"பதி... னாறு. போடுங்க."

இரண்டாயிரத்துப் பதினாறில் வந்த சட்டம்,
அதில் பதினாறாம் பிரிவு.
கட்டடம் எல்லாப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும்,
அவரவர் தேவைக்குத் தக்க வசதி
பள்ளி செய்து தர வேண்டும்.
என் செல்போனில் தேடி எடுத்து
ரஃப் நோட்டில் கோணல் எழுத்தில்
எழுதி வைத்திருந்தாள்.
வருகிற தையில் அவளுக்கும் பதினாறு.

புதுத் தாள், இன்னும் இருபது ரூபாய்.
கொடுத்தேன்.
படியை இடிக்கச் சொல்லவில்லை.
கீழே நூலக அறை பூட்டிக் கிடக்கிறது,
அங்கே வகுப்பை இறக்கச் சொல்கிறோம்.
பரிதாபம் போன இடத்தில்
மனு சற்றே மெலிந்திருந்தது.

கேட்டில் பெண் போலீஸ்
என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.
மண்ணெண்ணெய் இல்லை.
கொளுத்திக்கொள்ள வரவில்லை தாயி,
படிக்க வைக்க வந்தேன்
என்று நினைத்தேன், சொல்லவில்லை.
இறால் வாடை மட்டும் அடித்திருக்கும்.

ரசீதை ரேஷன் கார்டு உறையில் வைத்தேன்.
"நடவடிக்கையில் உள்ளது" என்று
செல்போனுக்குச் செய்தி வந்தது.
பிறகு அதே செய்தி.
பிறகு அதே.

ஐந்தாவது வாரம், புதன்கிழமை,
பெஞ்சுகள் படியில் இறங்கும் சத்தம்.
இரும்புக் கால் ஒவ்வொரு படியிலும் இடித்து
இருபத்திரண்டு முறை.
நான் எண்ணினேன்.

நூலக அறை வாசலில் ஃபிலோமினா டீச்சர்.
"பெரிய மனசு பண்ணி இறக்கியிருக்கோம்,
நல்லாப் படிக்கணும், என்ன?"

ஜீவிதா வாயைத் திறந்தாள்.
முதல் எழுத்து புறப்பட்டது.
மணி அடித்தது.
டீச்சர் ஒரு காலை எடுத்து வைத்தார்.

யாரும் மறிக்கவில்லை.
அவள் வண்டிதான்
கதவு அகலத்துக்கு நின்றது,
அவள் சொல்லி முடிக்கும்வரை.