எந்தத் தண்ணீர்

வைகாசி பதினேழு, இரவு பதினொன்றரை.
திருவாரூர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு
ஒரு குப்பி ரத்தமும்
ஊசியில் உறிஞ்சிய கொப்புளநீரும் வந்தன.
சீட்டில்: காத்தமுத்து, 46, ஆண், ஜாம்புவானோடை.
அடியில் டாக்டர் ஜெஸிமாவின் கோணல் எழுத்து:
பாம்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாம்பு என்றதில் தப்பில்லை.
காலையில் கணுக்காலில் ஒரு கீறல்,
மதியம் முழங்கால்வரை வீக்கம்,
விளக்கு வைக்கும்போது நாவல்பழம் நாவல்பழமாய்க் கொப்புளம்.
இப்படி ஒரு காலைப் பார்த்தால்
எங்கள் பக்கத்தில் யாரும் விரியனைத்தான் நினைப்பார்கள்.
தூங்கவிடக்கூடாது என்று
முத்துப்பேட்டையிலிருந்து கன்னத்தில் தட்டிக்கொண்டே
கூட்டி வந்திருக்கிறாள் அமிர்தவல்லி.

கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து
இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்தார் ஜெஸிமா.
சாய்த்தபோது சிந்தவில்லை. தயிராய் உறைந்திருந்தது.
விரியன் என்றால் பெரும்பாலும் ஓடியிருக்கும்.
அப்புறம்தான் கேட்டாராம்:
"எந்தத் தண்ணியில நின்னீங்க?"

டெல்டாக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா இது?
முறைத்தண்ணீர், மழைத்தண்ணீர், போர்த்தண்ணீர்,
வராத தண்ணீருக்கு ஆளுக்கொரு வருஷக் கணக்கு.
காத்தமுத்துவுக்கு நாக்குக் குழறியது.
அமிர்தவல்லிதான் சொன்னாள்.
"லகூன்ல, கோரையாத்து முகத்துல. நண்டு வலை.
கெளுத்தி முள்ளு குத்துச்சு, அது என்ன புதுசா?
முந்தின ராத்திரி..."
நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.
"ஆளி சுட்டுத் தின்னாங்க. பாதி வேகல. பிராந்திக்கு."
"கண்ணு மஞ்சளா இருக்கே, எத்தனை நாளா?"
"பொங்கல்லேர்ந்து."

செஃப்டாசிடைம், டாக்ஸிசைக்ளின் என்று எழுதி
அறுவை டாக்டரை எழுப்பச் சொன்னார்.

இதெதுவும் தெரியாமல் நான் மாடியில்
கண்ணாடிச் சில்லில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
லென்ஸின் அடியில்
சிவப்பாய், வளைந்து,
யாரோ காற்புள்ளிகளை மட்டும் போட்டுவிட்டு
வாக்கியத்தை மறந்தாற்போல் கிடந்தன.
கரும்பச்சை அகாரில் கீறி
முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன்.
வைகாசி லகூனின் வெதுவெதுப்பு அதற்குச் சற்றுக் கீழே.
மேட்டூர் திறக்காத மாதம்,
ஆறு செத்து, கடலாகவும் ஆகாத
அந்த உவர்நீர் அவற்றுக்குப் பிடிக்கும்.
கடைமடைக்கு முறை தவறாமல் வந்து சேர்வது
அவை மட்டும்தான்.

மறுநாள் மாலை தட்டைத் திறந்தேன்.
மஞ்சள் முளைத்திருந்தால் காலராவோ என்று பயந்திருப்பேன்.
பச்சையின் மேல் பச்சை, குறுவை நாற்றங்கால் போல.
சொல்லக்கூடாது, அழகாய் இருந்தது.
ஆக்சிடேஸ் தாளில் ஊதா ஏறியது.
இன்னும் நாலு சோதனை.
விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று
எழுத்து எழுத்தாய்ச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு
படிகளில் ஓடினேன்,
ஓர் உயிரைக் கொண்டுபோகிறவள் மாதிரி.

ஜெஸிமா வாங்கிப் பார்த்து "சரி" என்றார்.
மருந்து முந்தின ராத்திரியே ஏறத் தொடங்கிவிட்டது.
விடியுமுன்னே கெண்டைக்காலின் கறுத்த சதையை
வழித்தெடுத்துவிட்டார்கள்.
பயிர் காய்ந்தபின் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் போல
என் காகிதம்.
ஆனாலும் பத்திரமாய்க் கோப்பில் வைத்தார்.

பதினைந்தாம் நாள் அவரை முதன்முதலாய்ப் பார்த்தேன்.
இரண்டு விரல் இல்லை. தொடைத்தோல் காலில் ஒட்டியிருந்தது.
"மறுபடி தண்ணியில எறங்கலாமா?"
புண் முழுசாய் ஆறும்வரை கூடாது,
குடி எப்போதும் கூடாது,
ஆளி நன்றாய் வெந்தால் மட்டும்.
ஜெஸிமா சொல்லச் சொல்ல
அமிர்தவல்லி விரல் மடக்கினாள்.
நாலாவது விரலில் ஈரம் காயாத ஒரு வெட்டு.

என் வாயிலிருந்து அது தானாக வந்தது:
"இது எந்தத் தண்ணியில?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
"முந்தாநாள் ஊருக்குப் போயிருந்தேன்.
போட்ட வலைய யாரு எடுக்கறது?"

வெளியே இழுத்துத் தொட்டுப் பார்த்தேன்.
சூடில்லை. வீக்கமில்லை.
சோப்புப் போட்டுக் கழுவ வைத்து
நாளைக்கும் காட்டச் சொன்னேன்.