ஐந்து ரூபாய்த் தடிப்பு

ஒன்பது நாளாக இந்த மனுசனோடு நான் கதைக்கவில்லை.
சோறு மேசையில் இருக்கும், படலைத் திறப்பு ஆணியில் இருக்கும்.
வீட்டில் சத்தம் போடுவது குக்கரும்
அவர் வாங்கி வந்த சாமானும் மட்டும்.

ட்ரயம்ப். ஐம்பத்துநாலாம் ஆண்டு.
என்னைவிட இருபது வயது மூப்பு.
மானிப்பாயில் ஒரு கராஜுக்குள்
படங்கு போர்த்திப் படுத்திருந்ததாம்.
பதினெட்டாம் மாதம் விழுந்த சீட்டுக் காசு,
குளியலறைக்கு மாபிள் பதிக்க நான் கட்டிய காசு,
நாலு லட்சத்து எண்பதாயிரம்,
என்னிடம் ஒரு சொல் கேட்காமல்
இரண்டு சில்லில் உருண்டு வளவுக்குள் வந்தது.

புதன்கிழமை, கொக்குவில் ரயில் கடவை.
பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ்ஸில், யன்னலோரம்,
மடியில் ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்குக் கொப்பிகள்.
கீழே அவர், கிளச்சை முழுசாகப் பிடித்தபடி.
பிடித்தும் அது நிற்கவில்லை.
கட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போகும் மாடு மாதிரி
கடவைக் கம்பத்தை நோக்கி அரக்கி அரக்கிப் போனது.
நியூட்ரல் விழவில்லை. கால் தேடுகிறது, காது சிவக்கிறது.
கடைசியில் இரண்டு பிரேக்கையும் அமத்த
எஞ்சின் ஒரு விக்கலோடு செத்தது.
“மிஸ், அது உங்கட அவரெல்லோ?”
பின் சீற்றில் ஒரு பிள்ளை.
நான் கொப்பி திருத்தினேன்.

சனி காலமை முற்றத்தில் சாக்கு விரித்து,
இடப்பக்க மூடியைக் கழற்றி,
என்னுடைய பழைய தாச்சியில் ஒயிலை வடித்து,
தனியே மல்லுக்கட்டினார்.
உள்ளே ஒரு வட்டத் தட்டு, நாலு ஸ்பிரிங், நாலு நட்டு.
அதற்குப் பின்னால் தக்கை பதித்த தட்டுகள்,
இரவு முழுக்க ஒட்டிக் கிடந்து
விடிந்தால் பிரிய மாட்டோம் என்று நிற்பவை.
லீவரை இழுக்க ஒரு ஆள் வேண்டும்,
தட்டு எப்படி எழும்புகிறதென்று குந்தியிருந்து பார்க்க
இன்னொரு ஆள் வேண்டும்.
ரப்பர் பட்டியால் கட்டிப் பார்த்தார், சணல் கயிற்றால்,
ஒருமுறை கயிற்றைப் பல்லாலும்.

நான் உடுப்புக் காயப்போட வந்தவள்.
வாளியை வைத்துவிட்டு லீவரைப் பிடித்தேன்.
அவர் நிமிரவில்லை.
“இழும்.”
இழுத்தேன்.
“விடும்.”
விட்டேன்.
இருபத்திரண்டு வருசத்தில்
இவ்வளவு சுருக்கமாக நாங்கள் குடும்பம் நடத்தியதில்லை.

கிக்கரை அமத்தினார். தட்டு சுற்றியது,
நெளிந்த சட்டிமூடி போல ஆடி ஆடி.
ஒரு நட்டை இறுக்கினார், முழுச் சுற்று.
ஆட்டம் கூடியது.
அதே நட்டை மறுபடியும்.
பகுதியைப் பாராமல் தொகுதியை மட்டும் கூட்டுகிற பிள்ளைக்குப்
பின்னால் வெண்கட்டியோடு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.
வாய் தானாகத் திறந்தது.
“அது இல்லை. மேல் நட்டு.
அந்தப் பக்கம்தான் கூட எழும்புது.
கால் சுற்று இறுக்குங்கோ. கால்.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு நட்டைப் பார்த்தார்.
நட்டைப் பார்ப்பது லேசு.
கால் சுற்று.
“இழும்.”
தட்டு எழும்பியது, ஒரே மட்டத்தில்,
தண்ணீர் நிறைந்த தட்டம் போல, அலுங்காமல்.

பிறகு கேபிள்.
லீவருக்கு ஒரு சும்மா அசைவு விடவேண்டுமாம்,
எதையும் பிரிக்காமல் விரல் முதலில் நடக்கிற தூரம்.
அது இல்லாவிட்டால் தட்டுகள் வழுக்கும்,
எஞ்சின் கத்தும், றோட்டு நகராது.
கூடிப்போனால் புதன்கிழமை.
இதெல்லாம் அவர் கேபிளுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.
சேட் பொக்கற்றிலிருந்து ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை எடுத்து
லீவரின் இடுக்கில் செருகி,
லொக் நட்டை இறுக்கி, விரலால் தட்டினார்.
குத்தி கொஞ்சம் பிடித்தது, பிறகு வழுகி வந்தது.

விழமுதல் நான் பிடித்தேன்.
பாவாடையில் ஒயிலைத் துடைத்தேன். முடிந்துகொண்டேன்.
“இனி நாலு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்துத்
தொளாயிரத்துத் தொண்ணூற்றைந்து,” என்றேன்.

வாளியில் இன்னும் எட்டு உடுப்பு இருந்தது.