ஏழாம் தடம்

மின்சாரக் கட்டணச் சீட்டின் முதுகில்
நடுவே ஒரு கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் பழையது, இலவசம்.
வலப்பக்கம் புதியது, மாதம் பத்து டாலர்.
டாலர் எத்தனை கியாட் என்று
கீழ்க்கடை தூரா காலையில் ஒன்று சொன்னான்,
மத்தியானம் வேறொன்று.

பழையதற்கு முகம் சரியில்லை.
நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின்
எக்ஸ்ரே போலச் சாம்பல் திரை.
அதில் நீல மரவட்டையாய் ஊர்கிறது என் குரல்.
அலமாரிக் கதவைச் சாத்தி,
சேலைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசத்தில் பாடினால்
அரை நொடி கழித்துத்தான்
என் காதுக்கு நான் வந்து சேர்கிறேன்.
என்னை நானே துரத்திக்கொண்டு
ஒரு பல்லவியைப் பதினெட்டு முறை பாடியாயிற்று.
பாதியில் செத்தும் போகும்.
ஆனால் செத்த இடத்திலேயே எழுந்து
"விட்டதை மீட்கவா?" என்று கேட்கும்.
அந்த மரியாதை இந்த ரங்கூனில்
வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

புதியது அழகி.
உள்ளேயே நாற்பது டிரம் செட்,
பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டாமல் அடிக்கலாம்.
சுருதி விலகினால்
பின்கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கும்.
'சத்தம் நீக்கு' என்றொரு பொத்தான்.
அமுக்கினேன்.
ஐம்பத்தொன்றாம் தெருவின் ஜெனரேட்டர் போயிற்று,
மொஹிங்கா விற்பவளின் கூவல் போயிற்று,
தகரத்தில் விழுந்த மழை போயிற்று,
என் சகரமும் கூடவே போயிற்று.
'வாசல்' என்று பாடியிருந்தேன்,
'வா அல்' என்று கேட்டது.

இன்னொன்று.
பதினைந்து நாளுக்கொரு தரம் அது
எங்கோ மேலிடத்தில் விசாரித்துக்கொள்ளுமாம்,
நான் நான்தானா என்று.
இணையம் இல்லாத வாரங்களில் நான் யாரோ.
கரண்ட் வருவதோ நாலு மணி நேரம்,
இது பேட்டரியைக் குடம் குடமாகக் குடிக்கிறது.

"திருட்டுப் பிரதி இருக்கு அக்கா, டீக்காசு போதும்"
என்கிறான் தூரா.
நல்லவள் என்பதால் மறுக்கவில்லை.
போன முறை அவன் தந்தது
தங்கையின் கல்யாணப் படங்களைத் தின்றுவிட்டது.

எப்படிக் கூட்டினாலும் வலப்பக்கம் ஒன்பது,
இடப்பக்கம் ஆறு.
தூராவின் சித்தப்பா அட்டையில் பணம் கட்டுவதாகப் பேச்சு.
எதற்கும் பார்ப்போமென்று
பழைய பாட்டைப் புதியதில் திறந்தேன்.

படிக்கத் தெரியவில்லை அதற்கு.
எல்லாத் தடத்தையும் கலந்து
ஒரே பட்டையாக்கிக் கொண்டுவா, என்றது.

தடங்கள் ஏழு.
ஆறு வரை நான், நான், நான்.
ஏழாவது வேதமுத்து.
தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி
பாஸ் கிட்டாரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு
பதிவை நிறுத்த மறந்துபோனான்.
வாசிப்பு மூன்று நிமிஷம்.
அதன் பின் நாற்பது நொடி:
நாற்காலி நகர்கிறது, இருமுகிறான்,
"செருப்பு எங்க?" என்கிறான்,
கதவு, தாழ்ப்பாள்.
விடிவதற்குள் எல்லைப் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தான்.

அந்த நாற்பது நொடியை
ஊமையாக்கி வைத்திருக்கிறேன், வெட்டவில்லை.

"ஒவ்வொரு தடமாத் தனித்தனியா எடுக்கலாமே, அக்கா."
எடுக்கலாம்தான்.
எடுத்தேன்.
ஏழாவதைப் புதியதில் போட்டதும்
இருமலுக்கும் செருப்புக்கும் சிவப்புக் கோடு போட்டு
அது கேட்ட முதல் கேள்வி,
"நீக்கவா?"

பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிற்று.
இருட்டில் இடப்பக்கம் தடவி
ஏழு என்று எழுதினேன்.
அது சாதகத்தில் சேர்த்தியா, பாதகத்தில் சேர்த்தியா,
எழுதவில்லை.

காலையில் சீட்டைத் திருப்பிப் பார்த்தால்
கட்டணம் கட்டக் கடைசி நாள்
நேற்று.