இரண்டாம் ஷிப்டுக்குத் துண்டுத்தாள்

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில்
குக்கர் வளையம் வார்க்கிற கம்பெனி எங்களுடையது.
அச்சிலிருந்து சூட்டோடு விழும் ரப்பரில்
பிசிறு வெட்டுவது என் வேலை.
ஷிப்டுக்கு மூவாயிரத்து இருநூறு வளையம்.
ஒரு கை திருப்பும், ஒரு கை வெட்டும்.

வலி, முழங்கைக்கு வெளியே
சுண்டைக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும்.
அங்கிருந்து மணிக்கட்டுக்கு
எங்கும் நிற்காத பஸ்.
சீப்பைத் தூக்கினால் பாதி வழியில் கை இறங்கிவிடும்.
ஈரச்சேலையைப் பிழியாமலே கொடியில் போடுவேன்.
வெளியே மழையா என்பார் வீட்டுக்காரர்.

எண்ணெய் தேயுங்க என்றார் சூப்பர்வைசர்.
ரெஸ்ட் எடுங்க என்றாள் நர்ஸ்.
நாங்கள் ரெஸ்ட் எடுத்தால்
அவர்கள் சம்பளத்தில் எடுப்பார்கள்.

ஆவணியில் ஞானசுகந்தி வந்தார்,
பாளையங்கோட்டைக்காரர், பிசியோ படிப்பு,
பை நிறைய ஊதா நிற டம்பெல்.
நோகிற கைக்குப் பாரம் கொடுக்கணும் என்றார்.
நொண்டுகிற மாட்டுக்கு இன்னொரு மூட்டையா?
சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால்
பையைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

பத்து வார ஆராய்ச்சி.
ஒரு ஷிப்டுக்கு டம்பெல், வாரம் மூன்று நாள்.
மற்ற ஷிப்டுக்கு ஒரு துண்டுத்தாள்:
நிமிர்ந்து உட்காரவும்,
நிறையத் தண்ணீர் குடிக்கவும்.
கேன்டீன் டம்ளரில் சீட்டுப் போட்டு எடுத்ததில்
டம்பெல் எங்களுக்கு.
தாள் மைதீன் பாத்துவுக்கு.

நான் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுமுன்
அதில் உட்காருகிறவள் பாத்து.
அதே கத்தரி.
என் விரல் தேய்த்த பள்ளத்தில் அவள் விரல்.
தாழையூத்தில் ஒரே காம்பவுண்டு வீடுதான்,
ஆனாலும் ஞாயிறு தவிர
நடுராத்திரி அடிபம்பில்தான் பார்த்துக்கொள்வோம்.

"ஏளா, தண்ணி குடிச்சா
அது முழங்கைக்கு எப்படிப் போகும்?"
என்று கேட்டாள் மூன்றாம் வாரம்.
குடத்தை இடக்கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு லிட்டர் பாட்டில் எடுத்தேன்.
பின்னால் வீடு கட்டுகிறவர்கள் குவித்த எம் சாண்ட்,
கழுத்து வரைக்கும்.
அண்ணாச்சி கடைத் தராசில் ஒன்றரைக் கிலோ தாண்டியது.
"இதை யாருக்கு விக்கப் போறிய?" என்றார்.

பதினொன்றரைக்கு, பம்படிக் கல்லில்,
முன்கையைத் தொடைமேல் படுக்க வைத்து
மணிக்கட்டை முட்டிக்கு வெளியே விடச் சொன்னேன்.
தூக்குவது பெரிசில்லை, பாத்து.
இறக்கும்போது அஞ்சு எண்ணு.
மெதுவா. இன்னும் மெதுவா.
நாலிலேயே அவள் கை நடுங்கியது.
தெருநாய் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

யாரிடமும் சொல்லாதே என்றேன்.
பதினொரு பேரிடம் சொல்லிவிட்டாள்.

மார்கழியில் ஞானசுகந்தி பிடிமானம் அளந்தார்,
வலிக்கு மார்க் போடச் சொன்னார்.
எங்கள் ஷிப்டில் ஆறு மூன்றாகியிருந்தது.
இரண்டாம் ஷிப்டிலும் ஆறு மூன்றாகியிருந்தது.
லேப்டாப்பில் இரண்டு கோடும்
ஒரு பாயில் படுத்த அக்கா தங்கை மாதிரி.
டீ ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாள்லயா சரியாச்சு?"
பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.
பாத்துதான் வாயைத் திறந்தாள்:
"நல்ல தாளுக்கா. நிறையத் தண்ணி குடிச்சோம்."

சொல்லியிருக்கலாம்.
கேட் வரைக்கும் கூடவே நடந்தேன், பை தூக்க.
பன்னிரண்டு பாட்டிலைக் காட்டிக்கொடுக்க
நாக்கு எழவில்லை.
அவர் சொன்னது சரிதான் என்பதற்கு
நாங்கள்தான் சாட்சி,
நாங்களே அதைக் கெடுத்தோம்.

கம்பெனிக்குக் கணக்கு புரிந்தது.
டம்பெல் வாங்கினால் செலவு; தாள் மலிவு.
இப்போது எல்லா ஷிப்டுக்கும் தாள்,
கக்கூஸ் கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது.
கை தேறிவிட்டதாமே என்று
பங்குனியிலிருந்து இலக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

நேற்று ராத்திரி
பாத்து பாட்டில் மூடியைத் திறந்து,
தரையில் தட்டித் தட்டி மணலை இறுக்கி,
மேலே கிடைத்த இடத்தில்
இன்னொரு பிடி போட்டாள்.