ஒலிவாங்கி எண் மூன்று

நேற்று இதே மேடையில்
மீன்பண்ணை முதலாளிகள் பேசினார்கள்:
மீன்பேன், வலை, ஏற்றுமதி விலை.
இன்று தீவிரச் சிகிச்சைச் செவிலியர் மாநாடு.
எனக்கு எல்லாம் ஒன்றுதான்.
கழுத்துப்பட்டியில் ஒலிவாங்கி மாட்டுவேன்,
பேட்டரி பார்ப்பேன்,
இருட்டில் உட்கார்ந்து ஏற்றி இறக்குவேன்.

வெளியே பூடோ துறைமுகம்.
ஜனவரிச் சூரியன் பதினோரு மணிக்கு வந்து
இரண்டு அடிப்பதற்குள்
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

மாட்டும்போது அரசியல்வாதி மோவாயைத் தூக்குவார்.
பாடகர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.
இவர்கள் என் கையைக் கவனித்தார்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கிட்டே
கம்பியை என்னிடமிருந்து வாங்கி
சட்டைக்குள் ஒரு வளையம் விட்டு
பிளாஸ்திரி ஒட்டினாள்.
கிருமிநாசினியில் ஊறி ஊறி
மூட்டுக்கு மூட்டு வெடித்த விரல்கள்.
"யாராவது இழுத்தால் வளையம்தான் வரணும்,
குழாய் வரக் கூடாது."
இருபது வருஷமாக நான் மாட்டியதைவிட
அது நன்றாக இருந்தது.

முதலில் ரெய்டுல்ஃப். அலாரங்களைப் பற்றி.
ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் எத்தனை,
அதில் எத்தனை பொய் என்று
வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது
என் பெட்டியில் பேட்டரி தீர்ந்து கூவியது.
மூன்று சுரம், இறங்குமுகமாக.

முந்நூறு தலைகள் திரும்பின.
முன்வரிசையில் ஒருத்தி பாதி எழுந்துவிட்டாள்,
வலது கை மேலே,
அங்கே இல்லாத ஒரு பொத்தானைத் தேடி.
பிறகு சிரிப்பு, அடங்க நேரமாகிற சிரிப்பு.
ரெய்டுல்ஃப் சிரிக்கவில்லை.
"இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று
ஆறு படங்களைத் தாண்டிப் போனார்.

அடுத்து குன்வோர், ட்ரோம்சோவிலிருந்து.
மாட்டி அனுப்பினேன், படிக்கட்டில் நின்றாள்.
அரங்குக்கு மூடியிருந்தது,
என் காதுக்குத் திறந்திருந்தது.

"நாலாம் படுக்கை சிறுநீர் போனாரா?"

"இன்னுமா?"

"மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால்
குழாய் மடிந்திருக்கிறதா பார்.
தொடைக்கு அடியில் பார்.
இல்லை, இன்னும் பேசவில்லை.
பேச்சு கிடக்கட்டும்."

காதிலிருந்து கழற்றியிருக்க வேண்டும்.
கழற்றவில்லை.

அறிமுகம் செய்தவர் நிதானமாக வாசித்தார்:
கட்டுரைகள் நாற்பத்தொன்று, விருதுகள் இரண்டு,
இன்ன குழுவில் உறுப்பினர், இன்ன குழுவின் தலைவர்.
நாலாம் படுக்கை அந்தப் பட்டியலில் இல்லை.

மருந்தால் தூங்க வைக்கப்பட்டவர்களுக்கு
செவிலியர் எழுதும் நாட்குறிப்பு பற்றி அவள் பேசினாள்.
விழித்த பிறகு தேடுவார்களாம்,
போன மூன்று வாரம் எங்கே என்று.
ஒரு பக்கத்தை வாசித்தாள்:

"இன்று செவ்வாய்.
உங்களுக்கு முகம் மழித்தோம்.
இடது கன்னத்தில் ஒரு கீறல், என் தவறு.
மழையும் பனியுமாக ஜன்னல் அழுக்காக இருக்கிறது.
தம்பி வந்தார்.
படகை இன்னும் விற்கவில்லை என்று
உங்களிடம் சொல்லச் சொன்னார்.
சொல்லிவிட்டேன்."

அந்த 'சொல்லிவிட்டேன்'-இல்
அவள் பையில் தொலைபேசி அதிர்ந்தது.
அரங்குக்குக் கேட்டிருக்காது.
என் ஊசி மட்டும் துள்ளியது, இரண்டு முறை.
அவள் ஒரு சொல்லைத் தவறவிட்டு
அடுத்த சொல்லில் பிடித்துக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசை இளைஞன் ஒருவன்:
"எழுத நேரம் ஏது எங்களுக்கு?"
"கிடையாது. நின்றுகொண்டே எழுது."

கைதட்டலுக்குள்ளேயே இறங்கி வந்தாள்.
திரை ஓரத்தில் தொலைபேசியைப் படித்துவிட்டு
என்னிடம் கழுத்தை நீட்டினாள்.
கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன்:
"நாலாம் படுக்கை?"

பச்சை விளக்கைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நானூற்றிருபது மில்லி.
மடிப்புதான்."
விலை படிந்த வியாபாரியைப் போலச் சொல்லிவிட்டு
காப்பி இருக்கும் பக்கம் போனாள்.

அடுத்தவருக்குப் பேட்டரி மாற்றினேன்.
சாயங்காலம் அட்டவணையை மூடும்போது பார்த்தேன்,
ஒலிவாங்கி மூன்றின் எதிரில்
என் கையெழுத்தில், பென்சிலில்:
420.