நூறு இழையில் ஒன்பது

உடுமலைக்கு வடக்கே சோளக்காட்டு நடுவில்
துணைமின் நிலையம். இரவு ஷிப்ட்.
சுவரில் சிவப்பு எண்: 49.98.
ஐம்பதை ஒட்டியே அது நிற்க வேண்டும்.
"நிக்கிற நம்பரைப் பாக்கறதுக்கா
நாலு வருசம் படிச்சீங்க?" என்று
கொழுந்தன் சிரிப்பான்.

இரண்டு பதினேழுக்குச் சறுக்கியது.
49.91.
தெற்கே கடலோரத்து அணு உலை ஒன்று
நின்றுவிட்டது.
ஆயிரம் மெகாவாட்,
ஒரு கொட்டாவி நேரத்தில்.
புகையில்லை, நெருப்பில்லை,
ஏதோ ஒரு வால்வின் மேல் சந்தேகம்.
சந்தேகம் வந்தால் நின்றுவிடும்படி
அதைக் கட்டியிருக்கிறார்கள்.

போன். பல்லடம் சென்னியப்பன்.
போன மாதம் கரண்ட் சண்டையில் வாங்கிய நம்பர்.
"ஏனுங் மேடம், தறிச் சத்தம் எறங்குதே?"
நூறில் ஒரு பங்குகூட இல்லை அந்த இறக்கம்,
காதில் விழாது என்றேன்.
"விழுந்துச்சுங்."

காரணம் சொன்னேன்.
உலகம் முழுக்க ஓடும் கரண்டில்
நூற்றுக்கு ஒன்பது பங்கு அணுவில் வருவது,
நம் நாட்டில் மூன்று,
பிரான்சில் எழுபதை நெருங்கும் என்று
கேட்காததையும் சொன்னேன்.
தூக்கம் வராமலிருக்க
பேச ஆள் வேண்டியிருந்தது.

"நூறு இழைப் பாவுல ஒம்பது" என்றார்.
"அறுந்தா தறி நிக்கும்.
சரி, எந்த ஒம்பதுங்? சாயம் போட்டிருக்கா?"
இல்லை.
கணவாயில் வரும் ஆடிக்காற்று,
குந்தாத் தண்ணீர், நெய்வேலிக் கரி, பகலில் வெயில்,
எல்லாம் ஒரே கம்பியில்.
பிரித்தெடுக்க முடியாது.

தறிகள் அடித்துக்கொண்டிருந்தன போனுக்குள்.
"நூல் கழிவை நாங்க மூட்டை கட்டி வித்துப்போடறோம்.
அவிய கழிவை என்ன பண்றாங்க?"
"வெச்சிருக்காங்க."
"எத்தன நாளைக்குங்?"

நான் எண்ணைப் பார்த்தேன்.
49.93.
குந்தாவில் மதகு திறந்திருப்பார்கள்.
49.95.
வெளியே சோளத்தட்டு காற்றில் படுத்து எழுந்தது.
"மேடம்?"
49.97.
"இப்ப சத்தம் சரியாச்சுங்" என்று
அவரே வைத்துவிட்டார்.

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
02.17 இறக்கம். 02.31 சீர்.
கையெழுத்து.

விடிந்து திருப்பூர் பஸ்ஸில்
பல்லடம் வரும்போது ஜன்னலைத் தள்ளினேன்.
ரோட்டின் இரு பக்கமும் தறிக்கூடங்கள்.
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
எந்தத் தறி யாருடையது,
எது ஏறுகிறது, எது இறங்குகிறது,
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.